ஸ்கிரிப்ட் இல்லாத நாடகத்துக்கு அனுமதி வாங்குவது எப்படி? கல்லூரியில் இம்ப்ரோவ் குழு தொடங்க ஒரு செய்முறை

கல்சுரல்ஸில் அட்ஸாப் பார்த்திருப்பீர்கள். உலகத்தில் இல்லாத பொருளுக்கு அந்த நிமிடமே விளம்பரம் நடித்துக் காட்டும் போட்டி. இம்ப்ரோவ் அதற்கு அண்ணன் முறை. பார்வையாளர் ஒரு சொல் கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு, எழுதிய வசனம் எதுவும் இல்லாமல் முழு நிகழ்ச்சியையும் ஓட்ட வேண்டும். எங்கள் பொறியியல் கல்லூரியில் இப்படி ஒரு குழு ஆரம்பித்தோம். நடிக்கக் கற்றுக்கொடுக்க யூடியூப் இருக்கிறது. குழுவை மேடை வரைக்கும் கொண்டுபோவதைத்தான் யாரும் சொல்வதில்லை.

படி 1: ஆள் சேர்ப்பது

6 முதல் 8 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் சுவரோரம்தான் நிற்பார்கள். வகுப்பில் கவுன்ட்டர் அடித்துக் கைதட்டல் வாங்கும் ஆளை முதலில் எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. அடுத்த பஞ்ச் எப்போது போடலாம் என்றே யோசிப்பார், எதிரே நிற்பவர் சொல்வது காதில் விழாது. மைம் குழுவிலிருந்து வருபவர்கள் சீக்கிரம் செட் ஆகிறார்கள்.

படி 2: பயிற்சி

வாரம் 2 நாள், ஒன்றரை மணி நேரம். ஒருவர் நடிக்காமல் வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ‘ஆமா, அப்புறம்’ விதி, அதாவது எதிரே நிற்பவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு அதன் மேல் ஒன்று சேர்ப்பது, எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நான் அடம்பிடிப்பது முதல் வசனத்துக்கு. “என்ன பண்றீங்க?” என்று தொடங்கினால் யார், எங்கே, எதுவும் தெரியாது. “மாப்ள, தாலி எங்கடா?” என்று தொடங்கிப் பாருங்கள். உறவு, இடம், பிரச்சினை எல்லாம் வந்துவிட்டது. சித்தி, தம்பி, சார் என்று கூப்பிடும் விதமே பாதி வேலையை முடித்துவிடும். காட்சி நடுவில் ‘நீங்க’ திடீரென்று ‘நீ’ ஆனால் அதுவே ஒரு திருப்பம்.

விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது உயிரெழுத்து. முதல் வசனம் ‘அ’வில், அடுத்தது ‘ஆ’வில், இப்படியே 12. ஆங்கிலத்தில் இதையே 26 எழுத்துக்கு ஆடுவார்கள், பாதியில் இழுவையாகிவிடும். நமக்கு 12 வசனம் சரியான அளவு. கடைசியில் எப்படியும் ஔவையார் வந்துதான் ஆக வேண்டும், அரங்கமும் அதற்குத்தான் காத்திருக்கும். ஒரே சொல்லிலிருந்து பல காட்சிகளைப் பின்னிக்கொண்டே போகும் ஹெரால்ட் மாதிரி நீள வடிவங்களை முதல் வருடம் தொடாதீர்கள்.

படி 3: அனுமதிக் கடிதம்

எங்களை அதிகம் படுத்தியது இதுதான். கடிதம் திரும்பி வரும், ஓரத்தில் ‘ஸ்கிரிப்ட் நகல் இணைக்கவும்’ என்று எழுதியிருக்கும். ஸ்கிரிப்ட்டே கிடையாது என்று போய்ச் சொன்னால், எதையோ மறைக்கிறோம் என்று சந்தேகம் இன்னும் கூடும்.

இது பழைய தகராறு. பிரிட்டனில் 1968 வரை நாடகப் பிரதியை லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் கீத் ஜான்ஸ்டன் இம்ப்ரோவ் சொல்லிக்கொடுத்தது அந்தக் காலத்தில்தான். நம்மூரிலும் 1954ஆம் வருடத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம் முன்கூட்டியே பிரதி கேட்டது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்துவிட்டது. கல்லூரி ஆபீஸில் மட்டும் அது இன்னும் அமலில் இருக்கிறது.

வழி இருக்கிறது. கடிதத்தோடு ஒரே ஒரு பக்கம் இணையுங்கள். ஒவ்வொரு விளையாட்டின் பெயர், இரண்டு வரியில் விதி, எத்தனை நிமிடம். கீழே, தொடமாட்டோம் என்ற பட்டியல்: சாதி, மதம், கட்சி, ஆசிரியர்கள், யாருடைய உருவத்தையும் கிண்டல் செய்வது. எல்லை மீறினால் காட்சியை நிறுத்தப்போவது யார் என்று பெயரோடு போடுங்கள். 1955இல் சிகாகோ பல்கலைக்கழகத்துப் பக்கம் தொடங்கிய காம்பஸ் பிளேயர்ஸ் என்ற இம்ப்ரோவ் குழுவும் வசனம் இல்லாத காட்சிச் சுருக்கத்தை வைத்துத்தான் நடித்தார்கள். கையில் தாள் இருந்தால் கையெழுத்துப் போடுபவருக்கும் தெம்பு.

அப்புறம் பொறுப்பு ஆசிரியரை ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டு, முதல் சொல்லை அவரையே கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ‘அட்டெண்டன்ஸ்’ என்பார். அதற்கு அவரே சிரித்துவிட்டால் மேலே பேசுவதை அவர் பார்த்துக்கொள்வார்.

படி 4: சொல் வாங்குவது

பார்வையாளர்களும் நம்பமாட்டார்கள், ‘செட்டப்’ என்பார்கள். அதனால் நண்பர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் கேட்காதீர்கள். “ஒரு இடம் சொல்லுங்க” என்றால் எந்த ஊரிலும் பாத்ரூம்தான் வரும். “ஒரு பேர் சொல்லுங்க” என்றால் கடைசி பெஞ்சிலிருந்து துறைத்தலைவர் பெயர் பறந்து வரும். கேள்வியைக் குறுக்குங்கள்: “உங்க வீட்ல தூக்கிப் போடவே விடாத பொருள் எது?” ஓட்டை அண்டா, பழைய டார்ச், கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று வரும். இவற்றில் கதை இருக்கிறது. முதலில் காதில் விழுந்ததை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லுங்கள். நல்லது வரட்டும் என்று பொறுக்கினால் செட்டப் சந்தேகம் திரும்ப வந்துவிடும்.

படி 5: மேடை

கைப்பிடி இல்லாத 2 நாற்காலி. வேறு பொருள் வேண்டாம். 100 பேர் செமினார் ஹாலில் கை மைக்கும் வேண்டாம்; ஒரு கை போனால் பாதி நடிப்பு போச்சு. விளக்கு ஸ்விட்ச்சில் கட்டாயம் குழு ஆள்தான். ஆடிட்டோரியம் அண்ணன் நல்லவர், ஆனால் காட்சி முடியட்டும் என்று காத்திருப்பார். இம்ப்ரோவ் காட்சி தானாக முடியாது. பெரிய சிரிப்பு வந்ததும் அணைக்க வேண்டும்.

பிற்சேர்க்கை: இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. ஆசிரியர் பெயரையே கத்தினால்? “சார் இன்னைக்கு லீவு, அடுத்த சொல்!” என்று நகர்ந்துவிடுங்கள், கோபம் காட்டாதீர்கள். பெண்கள் விடுதியில் சீக்கிரம் கேட் மூடினால்? மாலைப் பயிற்சியை விட்டுவிட்டு மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள். 40 நிமிடத்தில் இரண்டு விளையாட்டு முடிக்கலாம், கல்லூரிப் பஸ்ஸில் போகிறவர்களும் வருவார்கள். சாப்பாட்டை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள்.