மருந்து ஃபிரிட்ஜுக்கு ஒரு காவல்: ஸ்கிரிப்ட்டை ஷெல், சி நிரல், வன்பொருளோடு இணைப்பது எப்படி?

இன்சுலினையும் பெரும்பாலான தடுப்பூசிகளையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினை, பிறகு இளகினாலும் போட்டுக்கொள்ளக் கூடாது. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜைக் கண்காணிக்கும் சின்னக் கருவி ஒன்றை இங்கே செய்யப் போகிறோம். ஒரு ராஸ்பெரி பை (சின்னக் கணினி, இனி வெறும் 'பை'), ஒரு வெப்பநிலை சென்சார், ஒரு பச்சை எல்இடி, இரண்டு ரெசிஸ்டர். பொருள் இவ்வளவுதான்.

உள்ளே நடப்பது என்ன? ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் சென்சாரைப் படிக்கும். அது தரும் எண்களை, சி மொழியில் எழுதி கம்பைல் செய்த (பிராசசருக்குப் புரியும் வடிவுக்கு மாற்றிய) ஒரு நிரல் வாங்கிச் சரிபார்க்கும். இன்னொரு ஸ்கிரிப்ட் இரண்டையும் ஓடவிட்டு, முடிவைப் பார்த்து விளக்கைக் கையாளும். எந்த இடத்தில் இரண்டை இணைத்தாலும் கேட்க வேண்டியவை மூன்று: என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது, தவறினால் நமக்கு எப்படித் தெரியும்? முதல் இரண்டை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சென்சார் வயர் கழன்ற பிறகும் "எல்லாம் நலம்" என்று காட்டும் காவல் கருவி, கருவியே இல்லாததைவிட ஆபத்தானது. அதனால் மூன்றாவது கேள்விக்கே இங்கே அதிக இடம்.

ஒரு குறிப்பு. நாம் எழுதும் நிரல்களுக்கும் ஃபைல்களுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். பையின் இயங்குதளமான லினக்ஸ் அதைத் தடையில்லாமல் ஏற்கும், டெர்மினலில் ./வடி என்று தட்டினால் அப்படியே ஓடும். லினக்ஸின் சொந்தக் கட்டளைகளை மட்டும் ஒலிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: வயர் இணைப்பு

சென்சார் டிஎஸ்18பி20. நீர் புகாத உலோகக் குழலுக்குள் வைத்து, மூன்று வயரோடு கிடைக்கும். வழக்கமாகச் சிவப்பு மின்சாரம், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் டேட்டா. நிறம் மாறியும் வரலாம், வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பையை அணைத்துவிட்டு, சிவப்பை 1ஆம் பின்னிலும் (3.3 வோல்ட்), மஞ்சளை 7ஆம் பின்னிலும் (ஜிபிஐஓ 4; ஜிபிஐஓ என்பவை நம் நிரல் படிக்கவும் இயக்கவும் முடிகிற பின்கள்), கறுப்பை 9ஆம் பின்னிலும் இணையுங்கள். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் சென்சார் பேசவே பேசாது.

5 வோல்ட் பின்னைத் தொடாதீர்கள். இந்தச் சென்சார் அதைத் தாங்கும், ஆனால் பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

எல்இடியின் நீளமான காலை 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக 11ஆம் பின்னிலும் (ஜிபிஐஓ 17), குட்டைக் காலை 14ஆம் பின்னிலும் மாட்டுங்கள். இப்போது பையை இயக்கி, ராஸ்பி-கான்ஃபிக் திறந்து, இன்டர்ஃபேஸ் பகுதியில் ஒன்-வயரை (இந்தச் சென்சார் பேசும் முறை) ஆன் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 2: சென்சாரை ஃபைலாகப் படிப்பது

லினக்ஸில் பல வன்பொருள்களை ஃபைல் போலவே திறந்து படிக்கலாம். சென்சாரோடு மின்துடிப்புகளில் பேசும் வேலையை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பார்த்துக்கொள்கிறது. நமக்கு வருவது எழுத்துதான். /சிஸ்/பஸ்/டபிள்யூ1/டிவைசஸ் என்ற ஃபோல்டருக்குள் போனால், 28- என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த 28 இந்தச் சென்சார் வகையின் குறியீடு. பின்னால் வரும் எழுத்துகள் உங்கள் சென்சாருக்கே உரியவை. உள்ளே டபிள்யூ1_ஸ்லேவ் என்ற ஃபைலை கேட் கட்டளையால் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு நொடி யோசித்துவிட்டு இரண்டு வரி வரும். சென்சார் வெப்பநிலையை அளந்து முடிக்க அதிகபட்சம் 750 மில்லிநொடி எடுத்துக்கொள்வதுதான் அந்தத் தாமதம். முதல் வரியின் கடைசியில் எஸ் அல்லது நோ என்று இருக்கும். வந்த தகவல் வழியில் சிதைந்ததா என்று கெர்னல் கணக்குப் போட்டுப் பார்த்த முடிவு அது. இரண்டாம் வரியின் கடைசியில் டி=4812 போல ஓர் எண். டிகிரியை ஆயிரத்தால் பெருக்கிய எண் அது, அதாவது 4.812 டிகிரி.

இந்த எண்ணை வழியெங்கும் 4812 என்ற முழு எண்ணாகவே அனுப்பப் போகிறோம். தசமப் புள்ளி, டிகிரி குறி எல்லாம் மனிதர் படிக்கும் கடைசி இடத்தில் மட்டும் போதும். நிரலுக்கு நிரல் போகும் தகவல் எவ்வளவு வெறுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

படி என்ற பெயரில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் தொடங்குங்கள். முதல் வரி #! என்று ஆரம்பித்து பைத்தான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். எந்த மொழி என்பதை அந்த வரியைப் பார்த்துத்தான் லினக்ஸ் தெரிந்துகொள்கிறது. பிறகு ச்மாட் 755 கொடுத்து, ஓடும் உரிமை தந்துவிடுங்கள். வேலை எளிது: அந்த ஃபைலை ஐந்து முறை திறந்து படித்து, ஒவ்வொரு எண்ணையும் ஒரு வரியில் அச்சிட வேண்டும்.

ஆனால் ஃபோல்டரே இல்லாமல் போகலாம். ஃபைல் காலியாக வரலாம். முதல் வரியில் நோ என்று வரலாம். இந்த மூன்றில் எது நடந்தாலும், காரணத்தை ஸ்டாண்டர்ட் எரருக்கு (பிழைச் செய்திகளுக்கான தனி வழி) எழுதிவிட்டு, சிஸ்.எக்ஸிட் கொண்டு 1 என்ற எண்ணோடு நிரல் வெளியேற வேண்டும். பூஜ்ஜியத்தையோ பழைய எண்ணையோ அச்சிட்டுச் சமாளிக்கக் கூடாது.

லினக்ஸில் ஓடும் எந்த நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். 0 என்றால் நல்லபடி முடிந்தது, வேறு எதுவானாலும் கோளாறு. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் அதை $? என்ற குறியில் பார்க்கலாம். 127 வந்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை. 126 வந்தால் ஃபைல் இருக்கிறது, ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் ச்மாட் மறந்திருப்பீர்கள்.

படி 3: சி நிரல்

ஐந்து எண்ணைச் சரிபார்க்க சி தேவையா? தேவையில்லை, பைத்தானே போதும். ஆனால் வேறொருவர் சி-யில் எழுதிவைத்த நல்ல நிரலைப் பயன்படுத்தும் நிலை உங்களுக்கு நிச்சயம் வரும். அதற்கான பழக்கம் இது.

வடி என்ற இந்த நிரல், ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து (நிரலுக்குள் தகவல் வரும் வழி) எண்களை வாங்கி, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை அச்சிடும். சராசரி ஏன் கூடாது? டிஎஸ்18பி20 மின்சாரம் வந்தவுடன், எதையும் அளக்கும் முன், 85 டிகிரி என்ற எண்ணை வைத்திருக்கும். வயர் தளர்ந்து நடுவில் மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனால், அந்த 85000 உங்கள் எண்களுக்கு நடுவே வந்து உட்காரும். 4812, 4875, 85000, 4812, 4875 என்று வந்ததாக வையுங்கள். சராசரி எடுத்தால் 20.9 டிகிரி, ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று அலறுவீர்கள். நடு எண் 4875, அதாவது 4.9 டிகிரி. உண்மை அதுதான்.

இன்புட்டைப் படிக்கும் சி ஃபங்ஷனான ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணைக் கவனியுங்கள். 1 வந்தால் ஓர் எண் கிடைத்தது. இன்புட் தீரும் முன்பே வேறு ஏதாவது வந்தால், எண் அல்லாத ஒன்று உள்ளே வந்திருக்கிறது. 2 என்று சொல்லி வெளியேறுங்கள். மொத்தம் மூன்று எண்கூடத் தேறவில்லை என்றால் 3. மெயின் ஃபங்ஷனில் ரிட்டர்ன் செய்யும் எண்தான் வெளியே $? ஆகத் தெரியும்.

சி கம்பைலரான ஜிசிசி-யில் எல்லா எச்சரிக்கையும் காட்டச் சொல்லும் ஆப்ஷனோடு கம்பைல் செய்யுங்கள். இதைப் பையிலேயே செய்யுங்கள். இன்டெல் லேப்டாப்பில் கம்பைல் செய்ததைக் கொண்டுவந்து ஓட்டினால், எக்ஸிக் ஃபார்மட் எரர் என்றுதான் வரும், ஏனென்றால் பையில் இருப்பது ஆர்ம் பிராசசர். ஸ்கிரிப்ட்டை எங்கும் நகலெடுத்துப் போகலாம், கம்பைல் செய்ததை அப்படி எடுத்துப் போக முடியாது.

படி 4: ஷெல்லில் கையால் இணைத்துப் பார்ப்பது

மேலே சொன்ன ஐந்து எண்களை, வரிக்கு ஒன்றாக, மாதிரி என்ற ஃபைலில் எழுதிவைத்து இப்படித் தட்டுங்கள்:

./வடி < மாதிரி

4875 வர வேண்டும். அப்புறம் காலி ஃபைல் ஒன்றை உருவாக்கி அதையும் கொடுத்துப் பாருங்கள்:

: > காலி
./வடி < காலி

எதுவும் அச்சாகாமல், $? 3 ஆக இருக்க வேண்டும். சென்சார் இல்லாமலேயே சி நிரலைச் சோதித்துவிட்டோம். நிரல்களை ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியே பேசவைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பலன் இதுதான். இப்போது உண்மையான இணைப்பு:

./படி | ./வடி >> ஏடு

நடுவில் நிற்கும் | குறிதான் பைப். டக்ளஸ் மெக்கில்ராய் வலியுறுத்த, கென் தாம்சன் 1973-இல் யுனிக்ஸில் சேர்த்தது. இடப்பக்க நிரல் அச்சிடுவதெல்லாம் வலப்பக்க நிரலுக்குள் போகும். கடைசியில் உள்ள குறி, வந்த முடிவை ஏடு என்ற பதிவு ஃபைலின் இறுதியில் சேர்க்கும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. படி ஸ்கிரிப்ட் மூன்று எண்களை அச்சிட்டுவிட்டு நான்காவதில் தோற்றது என்று வையுங்கள். வடி அந்த மூன்றிலிருந்து நடு எண்ணை எடுத்து, 0 என்று சொல்லி முடித்துவிடும். $? பைப்பின் கடைசி நிரலை மட்டுமே சொல்லும் என்பதால், படியின் தோல்வி காணாமல் போய்விடும். பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற ஆப்ஷனை செட் கட்டளையால் ஆன் செய்தால், எந்த நிரல் தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகவே வரும். பாஷ் ஸ்கிரிப்ட்டில் பைப் எழுதுகிறீர்கள் என்றால் இதை முதலில் போட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள்.

படி 5: காவல் ஸ்கிரிப்ட்

நிரந்தரமாக ஓடப்போகிற ஸ்கிரிப்ட்டைப் பைத்தானில் எழுதுவோம். பைத்தான் வேறு நிரல்களை ஓட்டுவது சப்பிராசஸ்.ரன் மூலம். முதலில் படியை ஓட்டி அதன் அவுட்புட்டை வாங்குங்கள். ரிட்டர்ன்கோட் 0 என்றால் மட்டும், அந்த அவுட்புட்டை இன்புட்டாகக் கொடுத்து வடியை ஓட்டுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்ப்பதால் பைப்ஃபெயில் சிக்கலே எழாது.

சப்பிராசஸ்.ரன்னுக்குக் கொடுக்க வேண்டியவற்றில் மூன்றை மறக்காதீர்கள். கேப்சர்_அவுட்புட் ஆனில் இருந்தால்தான் அவுட்புட் உங்கள் கைக்கு வரும். டெக்ஸ்ட் ஆனில் இல்லாவிட்டால், எழுத்துக்குப் பதில் பைட்ஸ் வரும். டைம்அவுட் கொடுக்காவிட்டால், நிரல் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும்போது காவலும் சேர்ந்து நின்றுவிடும். ஐந்து முறை படிக்க நாலைந்து நொடி ஆகும். 15 நொடி கொடுங்கள்.

கட்டளையை ஒரே சரமாகக் கொடுக்காமல், நிரலின் பெயர் ஒன்று, அதன் ஒவ்வொரு ஆர்குமென்ட்டும் ஒன்று என்று லிஸ்டாகக் கொடுங்கள். ஷெல்=ட்ரூ என்று போட்டுச் சரமாகக் கொடுக்கும் வழியும் உண்டு. அது வெளியிலிருந்து வரும் பெயரில் ஒரு ஸ்பேஸ் இருந்தால் உடையும். அரைப்புள்ளி இருந்தால், அதற்குப் பின்னால் உள்ளதைத் தனிக் கட்டளையாகவே ஓட்டிவிடும். லிஸ்டில் இந்த ஆபத்து இல்லை.

வடி தந்த எண்ணை இன்ட் ஆக்கி, 2000-க்கும் 8000-க்கும் இடையில் இருக்கிறதா பாருங்கள். 60000-க்கு மேல் வந்தால் அது ஃபிரிட்ஜின் கோளாறு இல்லை, சென்சார் கோளாறு. இரண்டையும் ஏடு ஃபைலில் வேறு வேறு வாசகமாக, நேரத்தோடு எழுதுங்கள். இரவில் வந்து பார்ப்பவர் மருந்தை இடம் மாற்றுவதா, வயரை அழுத்துவதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அடுத்து விளக்கு. கோளாறு வந்தால் சிவப்பு எரியட்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பையே அணைந்துபோனால் சிவப்பை யார் எரியவைப்பது? அதனால் தலைகீழாகச் செய்வோம். எல்லாம் சரி என்று உறுதியான ஒவ்வொரு சுற்றிலும், ஜிபிஐஓஜீரோ லைப்ரரியின் டாகிள் கொண்டு பச்சை விளக்கின் நிலையை ஒருமுறை மாற்றுங்கள். சில நொடிக்கு ஒருமுறை எரிந்து எரிந்து அணைந்தால் நலம். எரிந்தபடி நின்றாலும் அணைந்தபடி நின்றாலும் ஏதோ கோளாறு. அதே லைப்ரரியில் பிளிங்க் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தாதீர்கள். அது பின்னணியில் தனியாக ஓடுவதால், உங்கள் முக்கிய வேலை மாட்டிக்கொண்டு நின்றாலும் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும்.

சி-யை நேராக உள்ளே கூப்பிட முடியாதா?

முடியும். சி நிரலை ஷேர்டு லைப்ரரியாக கம்பைல் செய்து, சிடைப்ஸ் மூலம் பைத்தானுக்குள்ளேயே அழைக்கலாம். வேகம் கிடைக்கும். ஆனால் சிடைப்ஸ் வேறு சொல்லாதவரை எல்லா சி ஃபங்ஷனும் இன்ட் திருப்பித் தருவதாகவே எண்ணிக்கொள்ளும். டபுள் தரும் ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப்பைக் குறிப்பிடாவிட்டால் வருவது குப்பை எண், அதுவும் எந்த எரரும் இல்லாமல். சி பக்கம் செக்மென்டேஷன் ஃபால்ட் (தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொடும் பிழை) வந்தால் பைத்தானும் அதோடு சாகும். தனி நிரலாக ஓட்டினால், அதே விபத்து ரிட்டர்ன்கோட் -11 என்ற எண்ணாக மட்டும் வரும், காவல் பிழைத்திருக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் அழைக்க வேண்டிய வேலை இல்லை என்றால் தனி நிரலே நல்லது.

படி 6: தானாகத் தொடங்க

பின்னணி நிரல்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி-யில் ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதி, காவலின் முழுப் பாதையையும் வொர்க்கிங் டைரக்டரியையும் கொடுங்கள். ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் போதும் என்று விட்டுவிடாமல், ரீஸ்டார்ட்செக்=5 என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிநொடிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்த்து, பத்து நொடிக்குள் ஐந்து முறை விழுந்துவிட்டால் கைவிட்டுவிடும்.

கடைசியாக, ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் முன் மேஜையிலேயே, சென்சாரை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் குளிர்ந்த நீரில் வைத்து, மினுங்கல் வந்ததும் கெடுத்துப் பாருங்கள். மஞ்சள் வயரைப் பிடுங்குங்கள். மினுங்கல் நிற்க வேண்டும், ஏட்டில் சென்சார் கோளாறு என்று வர வேண்டும். மறுபடி மாட்டுங்கள், நீங்கள் எதையும் தட்டாமலேயே மினுங்கல் திரும்ப வேண்டும். சென்சாரை நீரிலிருந்து எடுத்து, கையில் இறுக்கிப் பிடித்து 8 டிகிரியைத் தாண்டவிடுங்கள். வடி ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுப் பாருங்கள். இந்த நான்கிலும் ஏட்டில் சரியான வாசகம் வந்தால், சென்சாரை மருந்துக்குப் பக்கத்தில் வைத்துக் கதவை மூடலாம்.