டர்பனில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் உடனே அல்ல

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வருகிறவர்கள் புரியாத ஆங்கிலச் சொல் வந்தால் அர்த்தம் கேட்டுக்கொள்கிறார்கள். காலை வாருவதெல்லாம் ஒன்றாம் வகுப்பிலேயே படித்த ‘நவ்’ மாதிரிச் சொற்கள்தான்.

குழாய் ரிப்பேர்காரர் போனில் ‘ஐ வில் கம் ஜஸ்ட் நவ்’ என்பார். நம் காதுக்கு அது ‘இதோ வந்துட்டேன்’. மெயின் வால்வை மூடி, கேட்டைத் திறந்துவைத்து நிற்போம். அவர் கையிலிருக்கும் வேலையை முடித்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு வருவார். பொய் சொல்லவில்லை. இங்கே இனி நடக்கப்போவதற்கு ‘ஜஸ்ட் நவ்’ சொன்னால் ‘அப்புறமா’ என்று பொருள். டச்சிலிருந்து கிளைத்த இந்த நாட்டு மொழியான ஆஃப்ரிகான்ஸின் ‘நெட்னவ்’ ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்ததன் விளைவு. நடந்து முடிந்ததற்குச் சொன்னால் மட்டும் நம்மூர் மாதிரி ‘சற்று முன்’. ‘நவ் நவ்’ என்று இரட்டித்தால் பெரும்பாலும் இன்னும் சீக்கிரம், ஆனாலும் உடனே இல்லை. கோபப்படாமல் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள். நீங்களும் மேனேஜரிடம் ‘ஜஸ்ட் நவ் அனுப்பறேன்’ என்று சொல்லிவிடாதீர்கள், தள்ளிப்போடுகிறீர்கள் என்று நினைப்பார். ‘ரைட் நவ்’ என்றால் வம்பில்லை.

இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் டர்பன் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஆன்ட்டி நம்ம தமிழ்க்காரங்கதானே, அவர் பேசுவதும் நம் ஆங்கிலம்தானே என்று நினைப்பது அடுத்த தவறு. 1860-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கிய வரலாறு அவர்களுடையது. இன்று பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம்தான், அதுவும் இந்த மண்ணின் ஆங்கிலம். உங்கள் குழந்தையைப் பார்த்து ‘ஷேம்!’ என்றால் முகம் சுருங்க வேண்டாம். ‘பப்பி ஷேம்’ இல்லை அது, ‘அடி செல்லமே’. காய்ச்சல் என்று சொன்னாலும் அதே ‘ஷேம்’தான், அப்போது ‘அடப் பாவமே’.

‘மை ஹஸ்பண்ட் இஸ் லேட்’ என்று அவர் சொல்லும்போதுதான் ரொம்பக் கவனம் வேண்டும். ‘டிராஃபிக்கா ஆன்ட்டி?’ என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் இறந்தவர் பெயருக்கு முன் போடுவோமே, அந்த ‘லேட்’.

வழி கேட்டால் ‘ரோபோட்டில் திரும்புங்கள்’ என்பார்கள், சிக்னல் விளக்குதான். ‘டீரூம்’ போர்டைப் பார்த்து டீ குடிக்க நுழைந்தால் கிடைப்பது பாலும் பிரெட்டும்: அது தெருமுனைப் பெட்டிக்கடை.