உயிரை நீட்டுங்கள், கடைசி மெய் தானாக வரும்

போலிஷ் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் b, d, g போன்ற மெய்கள் குரல் அதிர்வை இழந்து p, t, k போல ஒலிக்கும். அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசினால் படுக்கையைச் சொல்லும் 'பெட்' (bed) பந்தயத்தைச் சொல்லும் 'பெட்' (bet) ஆகிவிடுகிறது. ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். வகுப்பே அவர்கள் உச்சரிப்பைப் பின்பற்றும்.

கடைசி மெய்யை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பின்னால் ஒரு 'அ' ஒட்டிக்கொண்டு 'பெட-அ' என்றாகும். முன்னால் உள்ள உயிரை நீட்டுங்கள். தனியாகச் சொல்லும்போது படுக்கையின் 'எ' பந்தயத்தின் 'எ'-யைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீள வேண்டும். ஆங்கிலக் காது வேறுபாட்டைப் பெரும்பாலும் இந்த நீளத்தில்தான் பிடிக்கிறது. மெய் பாதி மங்கினாலும் பரவாயில்லை.

இரண்டையும் பதிவு செய்து, 'பிராட்' (Praat) என்ற இலவச ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து, உயிரொலிப் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் நீளம் தெரியும். காதை மட்டும் நம்ப வேண்டாம், அது தாய்மொழிக்குப் பழகியது.

போலந்தின் கிராக்கோவ், போஸ்னான் பக்கத்தவர்களுக்கு எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் முந்தைய மெய் அதிர்ந்துவிடும். 'கெட் அப்' (get up) என்பது 'கெடப்' போல ஒலிக்கும். அவர்கள் இத்தகைய தொடர்களைத் தனியாகப் பயிலட்டும்.