சி.டி. ஸ்கேனுக்குப் போகிறீர்களா?

கடலூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து ஜிப்மருக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள், காண்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், உண்டென்றால் பெரும்பாலும் சில மணி நேரம் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கேட்கலாம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பு இந்த ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் இரும்பு ருசி வரும், அப்புறம் சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும் (போயிருக்காது!), என் அத்தை இதற்குத்தான் பதறி எழப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், அசையாமல் படுத்திருங்கள். அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் உடனே குரல் கொடுங்கள். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.