தாலி, மொட்டை, எண்ணெய்க் குப்பி: அருட்சாதனங்களில் நேரும் தவறுகள்

வேளாங்கண்ணியில் முடியிறக்குவதும் காது குத்துவதும், பூண்டி மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவதும் நல்ல பக்தி முயற்சிகள். ஆனால் அவை அருட்சாதனங்கள் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையில் அருட்சாதனங்கள் ஏழுதான்: திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். ஒவ்வொன்றுக்கும் கண்ணால் காணும் ஓர் அடையாளம், அதற்குரிய சொற்கள், அதைச் செய்யத் தகுதியுள்ளவர் என்று ஒரு மையம் உண்டு. அந்த மையத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் சடங்குகளைப் பெரிதாக்குவதால்தான் காவிரி டெல்டாவின் பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள சபைகளில்) பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

திருமுழுக்கில் தொடங்கலாம். குறைமாதக் குழந்தை மருத்துவமனையில் உயிருக்குப் போராடும்போது சாமியார் (குருவானவர்) வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். பக்கத்தில் நிற்கும் இந்து நர்சம்மா கொடுத்தாலும் செல்லும். சாதாரணத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே, “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். இங்கே பிசகுவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒருவர் ஊற்ற, இன்னொருவர் சொற்களைச் சொல்கிறார். ஊற்றுகிறவரேதான் சொல்ல வேண்டும். அல்லது, குழந்தை நனைந்துவிடும் என்று ஈரப் பஞ்சால் நெற்றியைத் தொட்டுவிட்டு நிறுத்துகிறார்கள். சில சொட்டே போதும், ஆனால் அது தோலில் வழிந்தோட வேண்டும். பன்னீர், பால், இளநீர் எதுவும் ஆகாது. “நான்” என்பதற்குப் பதிலாக “நாங்கள்” என்று சொன்னால் அந்தத் திருமுழுக்கு செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் தெளிவாக அறிவித்திருக்கிறது. குழந்தை பிழைத்துக்கொண்டால் மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது. கோவிலுக்குக் கொண்டுவந்து மீதிச் சடங்குகளை மட்டும் நிறைவேற்றி, பங்குப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.

ஞானப்பெற்றோர் விஷயத்தில் உறவுமுறை குறுக்கே வரும். தாய்மாமனுக்குத்தான் உரிமை என்று அவரையே நிறுத்தப் பார்ப்பார்கள். அவர் 16 வயது நிறைந்த கத்தோலிக்கராகவும், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவராகவும் இருந்தால் தடையில்லை. குழந்தையின் அப்பாவோ அம்மாவோ அந்த இடத்தில் நிற்க முடியாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். மாமன் லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர் என்றால், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். அந்த மரியாதையை அவருக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிட்டால் கோவில் வாசலில் மனத்தாங்கல் வராது.

லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாளிலிருந்து லுத்தரன் சபை இந்த மண்ணில் வேரூன்றியிருக்கிறது. லுத்தரன் சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் அருட்சாதனங்கள் இரண்டு: ஞானஸ்நானமும் (திருமுழுக்கு) திருவிருந்தும் (நற்கருணை). உறுதிப்பூசுதலை ஒத்த திடப்படுத்தலும் திருமணமும் அங்கேயும் ஆலயத்தில் நடக்கின்றன. ஆனால் அவற்றை அருட்சாதனமாக எண்ணுவதில்லை. அங்கே பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே லுத்தரன் பெண் கத்தோலிக்க மாப்பிள்ளையைக் கட்டுவதற்காக மீண்டும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று வற்புறுத்துவது தவறு. அந்தத் திருமணத்துக்குத் தேவை ஆயரின் (பிஷப்பின்) அனுமதி. திருமுழுக்கே பெறாத ஒருவரை மணப்பதானால் அனுமதி போதாது. விதிவிலக்கே பெற வேண்டும். அது இல்லாமல் நடக்கும் திருமணம் செல்லாது.

திருமணத்தில் கூட்டம் மொத்தமும் எழுந்து பார்ப்பது தாலி கட்டும்போதுதான். அதற்கு முன்பே திருமணம் முடிந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. மணமக்கள் வலக்கரம் பற்றி, இன்பத்திலும் துன்பத்திலும் உண்மையாய் இருப்போம் என்று தரும் சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது. இலத்தீன் வழிபாட்டு முறையில் இந்த அருட்சாதனத்தை நிறைவேற்றுகிறவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். தாலி நம் மண்ணின் அழகான அடையாளம், அதை மந்திரித்துக் கட்டுவது அதன் பிறகு. ஆகவே ஒத்திகையில் முதலிடம் அந்த வாக்குறுதிக்குத்தான் தர வேண்டும். மைக் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டு சாட்சிகளும் அருகில் நின்று காதால் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் போட்டோகிராபர் குருவுக்கும் மணமக்களுக்கும் நடுவே நுழையக் கூடாது.

தாள்களிலும் கவனம் வேண்டும். பிள்ளைப் பருவத்தில் எடுத்துவைத்த திருமுழுக்குச் சான்றிதழைக் கொண்டுவந்தால் பங்கு அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். திருமணம் ஆனால் அதைத் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பார்கள். அந்தக் குறிப்பு இருக்கிறதா இல்லையா என்பது புதிதாக எடுத்த நகலில்தான் தெரியும். ஓலை வாசிக்கவும் (கோவிலில் திருமண அறிவிப்புச் செய்யவும்) வாரங்கள் ஆகும் என்பதால் மண்டபம் பிடிக்கும் முன்பே பங்குத்தந்தையைப் பாருங்கள்.

நற்கருணைக்கு ஒரு மணி நேர நோன்பு போதும். தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிக்காது. நெல் விளையும் பூமியில் அரிசி மாவில் அப்பம் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது கோதுமையால் மட்டுமே செய்யப்பட வேண்டும். அரிசி அப்பத்தால் திருப்பலி செல்லாது. கையில் வாங்கினால் அங்கேயே உட்கொள்ளுங்கள், வீட்டிலிருக்கும் பாட்டிக்கு என்று கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போகாதீர்கள். பாட்டிக்கு வேண்டுமென்று பங்கில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

அதிகம் தள்ளிப்போடப்படுவது நோயில்பூசுதல். வேளாங்கண்ணி எண்ணெயை நெற்றியில் பூசிவிட்டதால் இது முடிந்தது என்று எண்ண வேண்டாம். அந்த எண்ணெயைப் பக்தியோடு யாரும் பூசலாம். நோயில்பூசுதலை ஆயரோ குருவோ மட்டுமே கொடுக்க முடியும், அருட்சகோதரிகளால் முடியாது. இன்னொரு தயக்கம், சாமியாரைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவார் என்பது. “அவஸ்தை கொடுப்பது” (நோயில்பூசுதலுக்குப் பழைய பெயர்) சாகும் நேரத்துக்கு என்ற பழைய எண்ணமே இதற்குக் காரணம். கடும் நோய், பெரிய அறுவை சிகிச்சை, முதுமைத் தளர்ச்சி இவற்றுக்கே கேட்கலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே அழைத்தால் பாவசங்கீர்த்தனமும் செய்யலாம், நற்கருணையும் வாங்கலாம். இறந்தது உறுதியான பிறகு இந்த அருட்சாதனம் இல்லை, இறந்தோருக்கான செபம் மட்டுமே. கட்டில் அருகே ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்), மெழுகுதிரி, ஒரு தம்ளர் தண்ணீர் ஆகியவற்றை வைத்துவிட்டு, நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூச வசதியாகப் போர்வையை விலக்கி வையுங்கள்.