சிக்னல் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில்வேயின் எஸ் அண்ட் டி (சிக்னல், தொலைத்தொடர்பு) பிரிவில் புதிதாகச் சேர்பவர்கள் செய்யும் தவறுகள் ஆள் மாறினாலும் மாறுவதில்லை. தவறான ஃபியூஸ் போடுவது, லொகேஷன் பாக்ஸை (தடத்தோரக் கருவிப் பெட்டி) பூட்டாமல் வருவது போன்றவற்றை முதல் மாதத்திலேயே சீனியர்கள் திட்டித் திருத்திவிடுவார்கள், அவற்றை விட்டுவிடலாம். செய்த அன்று எல்லாம் சரியாக ஓடி, மாதங்கள் கழித்து ஒரு ரயில் வரும்போது வெளிப்படும் தவறுகள்தான் இங்கே.

வெயில் நாளில் டிராக் சர்க்யூட்டைச் சரிசெய்துவிட்டுப் போவது

டிராக் சர்க்யூட்டில் தண்டவாளங்கள் வழியே ஒரு முனையிலிருந்து (ஃபீட் முனை) போகும் மின்சாரம் மறுமுனையில் ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எழுப்பி வைக்கும். வண்டி ஏறினால் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விழும். ஜல்லி காய்ந்திருக்கும்போது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே மின் கசிவு குறைவு. ரிலே முனையில் வோல்டேஜ் நன்றாக நிற்கும். ஐப்பசி மழையில் அதே ஜல்லி சேறோடு ஊறிக் கிடந்தால் கசிவு பெருகி, ரயிலே இல்லாமல் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். ஸ்டேஷன் மாஸ்டர் போன் மேல் போன் போடுவார். புதியவர் ஓடிப்போய் ஃபீட் முனையில் ரெசிஸ்டன்ஸைக் குறைப்பார். சிக்னலும் வந்துவிடும்.

மழை விட்டு ஜல்லி காய்ந்ததும் அந்த ரிலேக்குத் தேவைக்கு மேல் கரன்ட் போகிறது. இப்போது தடத்தில் வண்டி நின்றாலும் ரிலே விழாமல் போக வாய்ப்பு உண்டு. மழையில் வந்த கோளாறால் வண்டி தாமதமானது. இந்தக் கோளாறு, வண்டி நிற்கும் தடத்தைக் காலி என்று காட்டும்.

ரெசிஸ்டன்ஸைத் தொட்டால் 0.5 ஓம் ஷன்ட் (சக்கரத்தைப் போல இரு தண்டவாளங்களையும் இணைக்கும் ரெசிஸ்டன்ஸ்) வைத்துப் பார்க்காமல் நகரக் கூடாது. ஃபீட் முனை, ரிலே முனை, நடுப்பகுதி, பாயிண்ட் (தடம் பிரியும் இடம்) இருந்தால் பிரிந்து போகும் தடத்தின் கடைசி வரை, எங்கே வைத்தாலும் ரிலே விழ வேண்டும். இரு முனை வோல்டேஜோடு அன்றைய ஜல்லி காய்ந்திருந்ததா நனைந்திருந்ததா என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள். அது இல்லாத அளவை அடுத்தவர் எதனோடும் ஒப்பிட முடியாது. உண்மையான மருந்து என்ஜினியரிங் ஆட்களோடு சேர்ந்து போய் லைனர், ரப்பர் பேட், இன்சுலேட்டட் ஜாயின்ட், வடிகால் ஆகியவற்றைப் பார்ப்பதில் இருக்கிறது. நாள்கணக்கில் வண்டி ஓடாமல் துருவேறிய லூப் லைனையும் (மெயின் லைனிலிருந்து பிரியும் பக்கத் தடம்) சந்தேகத்தோடு பாருங்கள். அங்கே சக்கரம் சரியாக ஷன்ட் செய்யாது.

பாயிண்ட் மெஷினில் ஒரு பக்கம் மட்டும் தடைச் சோதனை

பாயிண்ட் மெஷின் என்பது நாக்குத் தண்டவாளத்தை (பாயிண்டில் நகரும் தண்டவாளம்) நகர்த்திப் பூட்டும் மோட்டார். 5 மி.மீ. கட்டையை நாக்குத் தண்டவாள நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி வைத்து மோட்டாரில் ஓட்டினால் லாக் ஆகக் கூடாது, டிடெக்ஷன் (பாயிண்ட் சரியாகப் படிந்தது என்று சொல்லும் கான்டாக்ட்) சேரக் கூடாது, கிளட்ச் நழுவ வேண்டும். நார்மல், ரிவர்ஸ் என்ற பாயிண்டின் இரண்டு பக்கமும் செய்யுங்கள்.

வயரிங்கை மாற்றிவிட்டு, பேனலைப் பார்த்து "ஓகே" சொல்வது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இத்தனை உயிர்கள் போன பிறகும் இது நடப்பதைக் காணும்போது கோபம் அடங்குவதில்லை.

பாயிண்ட் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதை இன்டர்லாக்கிங் (பாதை சரியாக இருந்தால் மட்டும் சிக்னல் தரும் அமைப்பு) கண்ணால் பார்ப்பதில்லை. மெஷினின் டிடெக்ஷன் கான்டாக்டிலிருந்து லொகேஷன் பாக்ஸ், கூம்ட்டி (தடத்தோரச் சிக்னல் அறை) வழியாக ரிலே ரூமுக்கு வரும் சில வயர்கள் சொல்வதை நம்புகிறது. நார்மல் வயர் வழியே மின்சாரம் வந்தால் நார்மல் இண்டிகேஷன் ரிலே எழும்பும். நடுவில் ஏதோ ஒரு டெர்மினலில் அந்த மின்சாரம் வேறு பாதையில் வந்து சேர்ந்தாலும் அதே ரிலே எழும்பும். அதன்பின் இன்டர்லாக்கிங் கொஞ்சமும் பிசகாமல் கணக்குப் போட்டு, தவறான பாதைக்குப் பச்சை கொடுக்கும். ஸ்டேஷனின் கட்டுப்பாட்டுப் பலகையான பேனலில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆகவே பேனலைப் பார்த்துச் சொல்லும் "ஓகே"வுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹனகா பஜார் நிலையத்தில் நடந்தது இதுதான். ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு அப் மெயின் லைனுக்கான பச்சை கிடைத்தது. 17ஏ/பி கிராஸ்ஓவரோ (ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பாயிண்ட் ஜோடி) லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் நின்ற சரக்கு ரயிலில் மோதி, 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கு கூம்ட்டியில் முன்பு செய்த சர்க்யூட் மாற்றத்தின் குறைகளும், 94-ஆம் எண் லெவல் கிராசிங் கேட்டின் மின் தடுப்பை மாற்றும் வேலையில் நேர்ந்த குறைகளும் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. பழைய வேலையில் விட்ட குறை, பின்னால் வந்த வேலைக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

லண்டனில் கிளாப்பம் சந்திப்பில் 1988 டிசம்பர் 12 அன்று ரயில்கள் மோதி 35 பேர் இறந்ததற்கும் ஒரு வயர்தான் காரணம். ரிலே பக்கம் கழற்றிய பழைய வயரை வெட்டாமல், முனையை மூடாமல், ஒதுக்கி மட்டும் வைத்தார்கள். மறுமுனை ஃபியூஸோடு இணைந்தே இருந்தது. பக்கத்தில் நடந்த அடுத்த வேலையில் அது அசைந்து, பழைய டெர்மினலைத் தொட்டது. அதனால் தடத்தில் வண்டி இருந்தும் சிக்னல் சிவப்பாகவில்லை. டெர்மினல்களில் எத்தனை வயர் என்று வேறொருவர் எண்ணியிருந்தால் அகப்பட்டிருக்கும். யாரும் எண்ணவில்லை. வேலை செய்தவர் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார் என்பதும் விசாரணையில் பதிவானது. களைத்த ஆளை வயரிங் வேலைக்கு அனுப்பும் மேற்பார்வையாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் டி/351 படிவத்தில் டிஸ்கனெக்ஷன் நோட்டீஸ் (கருவியை இணைப்பிலிருந்து எடுக்கிறோம் என்ற அறிவிப்பு) கொடுத்து, ஸ்டேஷன் மாஸ்டரின் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வரும்வரை ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். "பத்து நிமிஷ வேலைதான், வண்டி வர நேரமிருக்கிறது" என்று யார் சொன்னாலும் சரி. தொடப்போகும் ஒவ்வொரு டெர்மினலிலும் எத்தனை வயர் என்று எண்ணி, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். டெர்மினலில் ஒட்டியிருக்கும் எழுத்துக் குறியை மட்டும் நம்பி வயரைப் பிரிக்காதீர்கள். மறுமுனை வரை தொடர்ச்சி பாருங்கள். தேவையற்ற வயரை இரு முனையிலும் கழற்றி உருவிவிடுங்கள். உருவ முடியாவிட்டால் இரு முனையையும் வெட்டி இன்சுலேட் செய்யுங்கள்.

முடிந்தபின் சோதனைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பாயிண்ட் அருகே நின்று நாக்குத் தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல, மற்றவர் ரிலே ரூமில் எந்த ரிலே எழும்பியது என்று பெயர் சொல்லிப் பதில் தர வேண்டும். லொகேஷன் பாக்ஸில் டிடெக்ஷன் லிங்க்கைக் கழற்றினால் அந்த ரிலே விழ வேண்டும், வேறெதுவும் விழக் கூடாது. நார்மலிலும் ரிவர்ஸிலும் செய்யுங்கள். கிராஸ்ஓவரில் ஏ முனை, பி முனை இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு முனையைப் பார்த்துவிட்டு மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று விடுவதுதான் மிக அதிகமாக நடக்கிறது. கேட் வேலையானால் தடுப்பைத் தூக்கிப் பார்க்க, சிக்னல் சிவப்புக்குத் திரும்ப வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே ரீகனெக்ஷன் (கருவியை மீண்டும் இணைத்து ஒப்படைப்பது). கண்ட்ரோலிலிருந்து நெருக்கினால், சோதனை முடியவில்லை என்று சொல்லி நேரத்தோடு எழுதி வையுங்கள். செய்த மாற்றத்தைக் கூம்ட்டியில் இருக்கும் வரைபடத்திலும் எழுத்துக் குறியிலும் அன்றே ஏற்றுங்கள்.

ரிலே ரூம் சாவி

இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், ஒன்று நம்மிடம். ஸ்டேஷன் மாஸ்டரின் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆக்சில் கவுன்டரை அவசரமாக ரீசெட் செய்வது

ஆக்சில் கவுன்டர் என்பது ஒரு பகுதிக்குள் நுழையும், வெளியேறும் அச்சுகளை எண்ணும் கருவி; ரீசெட் செய்தால் அந்த எண்ணிக்கை பூஜ்ஜியமாகும். பகுதி காலி என்று நேரில் உறுதி செய்யாமல் ரீசெட் கூடாது.

கார்டுகளோடு சேர்த்து மெக்கர் போடுவது

கேபிளின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்கும்போது இரு முனையிலும் உபகரணங்களைக் கழற்றியிருக்க வேண்டும். எலக்ட்ரானிக் கார்டுகள் இணைந்திருந்தால் அவை எரிந்துபோகும், அல்லது ரீடிங் பொய்யாகக் குறைந்து நல்ல கேபிளையே கெட்டது என்று தோண்ட வைக்கும். கோர் ஒவ்வொன்றையும் பூமியோடும் மற்றக் கோர்களோடும் பாருங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை எடுத்த ரீடிங்கை அருகருகே எழுதினால், எந்தக் கேபிளில் தண்ணீர் இறங்குகிறது என்று அது பழுதாகும் முன்பே தெரியும். மெக்கரைக் கழற்றியதும் கோரை பூமியோடு இணைத்து, தேங்கிய மின்னேற்றத்தை இறக்கிய பிறகே உபகரணத்தை மாட்டுங்கள்.