பிரைமரி வேட்பாளர்களில் யாருக்கு வெற்றிவாய்ப்பு அதிகம்? கணித்துப் பார்க்கும் முறை

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரை, மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரி தேர்தல்களில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சியை இவரால் வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு, பலரும் வேட்பாளரின் தோற்றத்தையும் பேச்சையும் பார்த்தே விடை சொல்லிவிடுகிறார்கள். வாக்கு எண்ணிக்கையிலிருந்து விடை தேடுவது எப்படி என்பதை, 2020-ல் ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்ட ஏமி குளோபுஷார், எலிசபெத் வாரன் ஆகிய இரு செனட்டர்களை வைத்து இங்கே செய்து காட்டுகிறேன்.

முதல் படி: எங்கே வெல்ல வேண்டும்?

ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர் வாக்குகள் உண்டு; பெரும்பாலான மாநிலங்களில் அங்கே முந்துபவருக்கே அவை முழுவதும் போகும். மொத்தமுள்ள 538-ல் 270 கிடைத்தால்தான் அதிபர் பதவி. 2016-ல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சம் வாக்குகளுக்கு மேல் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து அவர் பின்தங்கியது 80,000-க்கும் குறைவான வாக்குகளில்தான். எனவே இழுபறி மாநிலங்களின் பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சொந்த மாநிலத்தில் கட்சியைவிட எவ்வளவு கூடுதல்?

என் பார்வையில் இதுவே முக்கியமான படி. 2018 செனட் தேர்தலில் மினசோட்டாவில் குளோபுஷார் 60 சதவீதமும் அவரை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர் 36 சதவீதமும் பெற்றனர். அதே நாளில் மாசசூசெட்ஸில் வாரனுக்கும் 60, எதிராளிக்கும் 36. எண்களை மட்டும் பார்த்தால் இருவரும் சமபலம் உள்ளவர்கள். ஆனால் 2016-ல் கிளின்டன் மினசோட்டாவில் ஒன்றரை சதவீதப் புள்ளி வித்தியாசத்தில்தான் தப்பிப் பிழைத்தார். மாசசூசெட்ஸிலோ 27 புள்ளி முன்னிலை பெற்றிருந்தார். இருவரும் 2018-ல் பெற்ற 24 புள்ளி வித்தியாசத்திலிருந்து இவற்றைக் கழித்துப் பார்த்தால், குளோபுஷார் தம் கட்சியின் வழக்கமான பலத்தைவிட 22 புள்ளிக்கு மேல் கூடுதலாகப் பெற்றிருக்கிறார். வாரன் சுமார் 3 புள்ளி குறைவாகப் பெற்றிருக்கிறார்.

மூன்றாம் படி: காற்றடித்த ஆண்டுக்கான கழிவு

2018 ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான ஆண்டு என்பதால் அந்த 22 புள்ளியை அப்படியே ஏற்கக் கூடாது. அதே நாளில் அதே மினசோட்டாவில் இன்னொரு செனட் இடத்துக்கு நின்ற அதே கட்சியின் டினா ஸ்மித் 11 புள்ளிக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தில் வென்றார். குளோபுஷாரின் வித்தியாசம் 24. ஒரே நாளில் ஒரே வாக்காளர்கள் அளித்த இந்தத் தீர்ப்பில், கட்சிக்கும் ஆண்டுக்கும் உரியதைக் கழித்தபின் மிஞ்சும் 13 புள்ளியைத்தான் அவருடைய சொந்தச் செல்வாக்கு எனக் கொள்ளலாம். அதிலும் எதிராளி பலவீனமானவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கருத்துக்கணிப்பு

இவரும் எதிர்க்கட்சி வேட்பாளரும் மோதினால் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்கும் நேருக்கு நேர் கணிப்புகளைப் பாருங்கள். ஆனால் மாதங்களுக்கு முன்பே வருபவற்றுக்குச் சிறிதளவே மதிப்புக் கொடுங்கள். 1988 ஜூலையில் காலப் நிறுவனத்தின் கணிப்பில் 17 புள்ளி முன்னணியில் இருந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ், நவம்பரில் 50-ல் 40 மாநிலங்களை இழந்தார்.

ஐந்தாம் படி: கட்சியின் அடித்தளம் வருமா?

குளோபுஷார் 2020 நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் மூன்றாம் இடம் பெற்றார். அதே போட்டியில் இருந்த ஜோ பைடனுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். ஆயினும் கறுப்பின வாக்காளர்களிடம் குளோபுஷாருக்கு ஆதரவு மிகக் குறைவாகவே இருந்தது. கறுப்பின வாக்காளர்கள் பெருமளவில் உள்ள தென் கரோலினாவில் பைடன் ஏறத்தாழப் பாதி வாக்குகளை அள்ளியபின், மார்ச் 2 அன்று குளோபுஷார் விலகிக்கொண்டார். டெட்ராய்ட், மில்வாக்கி, ஃபிலடெல்ஃபியா நகரங்களின் கறுப்பின வாக்குகள் இல்லாமல், முதல் படியில் எழுதிய மூன்று மாநிலங்களையும் அக்கட்சி வெல்வது அரிது. ஆகவே இரண்டாம் படியில் கிடைத்த எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இந்தப் படியைத் தாண்டாதவரைப் பட்டியலின் மேலே வைக்காதீர்கள்.

ஆறாம் படி: ஊகத்தை அடித்துவிடுங்கள்

"எனக்குச் சம்மதம்தான், மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள்" என்ற எண்ணத்தில் தாளில் ஏதேனும் எழுதியிருந்தால், அதற்கு ஒரு வாக்கு எண்ணிக்கையாவது சான்றாக இருக்கிறதா என்று தேடுங்கள்; இல்லையென்றால் அந்த வரியை நீக்குங்கள். கறுப்பினத்தவர் ஒருவரை நாடு ஏற்காது என்ற பேச்சு 2008 தொடக்கத்திலும் இருந்தது. வெள்ளையர்கள் மிகப் பெரும்பான்மையாக உள்ள ஐயோவாவில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் பராக் ஒபாமா ஜனவரி 3 அன்று வென்றார். 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத இண்டியானா, அந்த நவம்பரில் அவருக்குக் கிடைத்தது.